நடராஜரை வீட்டில் வைத்தால் சண்டை வருமாம்!

நடராஜர் சிலையை வீட்டில் வைக்காதே, அது ருத்ர தாண்டவம், குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பேச்சு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்பவர்கள் அந்தத் திருமேனியை ஒரு தடவையாவது நின்று பார்த்தார்களா என்பதே சந்தேகம்தான்.

தில்லை என்னும் சிதம்பரத்தில் அவர் ஆடுவது ஆனந்தத் தாண்டவம். முகத்தைப் பாருங்கள். கோரைப்பல் இல்லை, உருட்டி விழிக்கும் கண் இல்லை. சடை இரண்டு பக்கமும் பறக்கிறது, உதட்டிலோ குமிண்சிரிப்பு. வலக்காதில் ஆண்கள் அணியும் குழை, இடக்காதில் பெண்கள் அணியும் தோடு. அம்மையைப் பாதி உடம்பில் வைத்திருப்பவரா குடும்பத்தைப் பிரிப்பார்?

சைவ சித்தாந்தம் இந்த வடிவத்தில் ஐந்தொழிலைக் காண்கிறது. பின் வலக்கை உடுக்கை படைத்தல், முன் வலக்கை அபயம் காத்தல், பின் இடக்கைத் தீ அழித்தல். ஊன்றிய வலப்பாதம் மறைத்தல், தூக்கிய இடப்பாதம் அருளல். ஐந்தில் ஒன்றுதான் அழிப்பு. காலடியில் கிடக்கும், ஆணவத்தின் உருவான முயலகன்கூடச் சாகவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு, கையில் பாம்போடு கிடக்கிறான். ஆணவம் அடங்கும், ஒழியாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன காட்ட முடியும்?

பயப்பட வேண்டியது மட்டமான வார்ப்பைப் பார்த்துத்தான். முன் இடக்கை மார்புக்குக் குறுக்கே யானைத் துதிக்கைபோல் வந்து, விரல்கள் தூக்கிய பாதத்தைச் சுட்ட வேண்டும். 'இங்கே வா' என்று அடைக்கலம் காட்டும் கை அது. மலிவுப் பித்தளையில் அது வயிற்றுக்கு முன்னால் சும்மா தொங்கும், எதையும் சுட்டாது. அடுத்து, உச்சியிலிருந்து நூல் பிடித்தால் ஊன்றிய பாதத்தில் வந்து விழ வேண்டும். விலகினால் ஆடுபவர் சாய்ந்து விழப்போவதுபோல் இருப்பார். முழங்கால் மடங்காமல் விறைத்திருந்தாலும் ஆட்டமே போயிற்று. சுவாமிமலையில் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடித்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். வெந்த மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் தனி உருப்படி. விலையில் இருக்கும் வித்தியாசம் அங்கேதான்.

வலக்கால் தூக்கியிருந்தால் மட்டும் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். மதுரை மீனாட்சி கோயிலின் நடன சபையான வெள்ளியம்பலத்தில் கால் மாறித்தான் ஆடுகிறார்.

வீட்டில் வைக்கத் தயங்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. பெரிய உலோகத் திருமேனியைப் பூஜையில் அமர்த்தினால் தினமும் நைவேத்தியம், முறைப்படி அபிஷேகம் என்று கடமை வந்து சேரும். அதற்கு முடியாதவர்கள் சின்னதாக ஒன்று வைத்து ஒரு பூவும் விளக்கும் வைத்தால் போதும்.