வயதானால் மூளைக்குப் பூட்டு விழுமா?

“அறுபது தாண்டினால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு இறுகிவிடும், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் தானாக அடங்கும், மருந்தை நிறுத்தலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஆனால் முழுக் கற்பனையும் இல்லை, அதுதான் சிக்கல்.

நம் நோயெதிர்ப்பு மண்டலமே நரம்பின் உறையை அரிக்கும் நோய் இது. எம்ஆர்ஐ எடுக்கும்போது கையில் காடோலினியம் சாயம் ஏற்றுவார்கள். நல்ல ரத்தநாளத்தைத் தாண்டி அது மூளைத் திசுவுக்குள் போகாது; அந்த நாளச் சுவர்தான் மேலே சொன்ன தடுப்பு. நோய் புதிதாகத் தாக்கிய இடத்தில் மட்டும் கசிந்து வெள்ளையாகத் தெரியும். வயது ஏற ஏற இந்தப் புள்ளிகள் குறைவது உண்மை. அதைப் பார்த்து யாரோ ‘கதவு மூடிவிட்டது’ என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முதுமையில் தடுப்பு இறுகுவதில்லை, தளர்கிறது. நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கசிவு கூடுவதை 2015இல் நியூரான் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அப்புறம், முன்பே உள்ளே புகுந்த நோயெதிர்ப்பு அணுக்களும் மூளையின் சொந்தக் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவும் நீறு பூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். புதுப் புள்ளி இல்லாமலே நடை தளர்வது இப்படித்தான்.

சரி, மருந்தை நிறுத்திப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, ஐந்து ஆண்டு தாக்குதலே வராத 259 பேரிடம் டிஸ்கோஎம்எஸ் ஆய்வு நடந்தது. 2023இல் முடிவு வந்தது: தாக்குதலோ புதுப் புள்ளியோ, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 6 பேருக்கு, நிறுத்தியவர்களில் 16 பேருக்கு. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே சிலருக்கு நிறுத்துவது சரிப்படலாம். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டியது அது, ஃபார்வர்டு அல்ல.