எந்த புளோக் பின்னால் என்று கேட்காதீர்கள்

நம் சிங்கப்பூரில் எடுத்த அந்த அழுங்கு (உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புதின்னி) வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அந்த இடத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு முடியவில்லை.

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் நாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். டிரெயில் கேமராவில், அதாவது காட்டில் கட்டி வைத்தால் எதிரே அசைவது தானாகப் பதிவாகிற பெட்டியில், விழுந்த இருபது விநாடி. வடிகால் ஓரமாக அழுங்கு போகிறது, வாலின் அடியில் குட்டி தொற்றிக்கொண்டிருக்கிறது. நானே எட்டு தடவை பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. குழுவில் அதைப் போட்ட அண்ணன், கீழே அடுக்குமாடி புளோக் எண், எந்தப் படிக்கட்டு, வேலியில் எந்த ஓட்டை என்று கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடுவது மாதிரி எழுதியிருந்தாரே, அதில்தான் சண்டை.

"அண்ணே, இடத்தை மட்டும் எடுத்துடுங்களேன்" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "டீச்சரம்மா கிளாஸ் எடுக்க வந்துட்டாங்க" என்று பதில். அதற்கு நாற்பத்தாறு பேர் சிரித்திருந்தார்கள். இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வருவீர்கள் இல்லையா, அப்போது பேசிக்கொள்ளலாம். தகவலுக்காக, நான் டீச்சர் இல்லை. கணக்கு எழுதுகிறவள்.

நான் கேமராவுக்கு எதிரி என்று கிளப்பிவிட்டவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த பெண் ஒருத்தியின் ஆய்வுக்காக, முறையாக அனுமதி வாங்கி வைத்த கேமராக்களுக்கு இரண்டு வருடம் பேட்டரி மாற்றப் போனவள் நான். ஒரு பெட்டிக்கு எட்டு பேட்டரி. திறந்தால் உள்ளே எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். நம்மூர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பெட்டிக்கு மிருகம் எது, இலை எது என்று தெரியாது. முன்னால் ஏதாவது அசைந்து, அதன் சூடு சுற்றியிருப்பதைவிட வேறுபட்டால் படம் எடுக்கும், அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினாலும் எடுக்கும். முதல் மாதம் ஆயிரக்கணக்கில் வெறும் இலைப் படங்களைப் பார்த்துக் கழித்தேன். கடைசியில் ஒரு சருகுமான் வந்தது. அரை உடம்புதான் விழுந்திருந்தது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து அழுதேன், அங்கிள் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை. அந்தப் படத்தை இன்றுவரை நான் எங்கும் போட்டதில்லை.

கேமரா இல்லாவிட்டால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? புலாவ் உபினில் பெரிய சருகுமான் இன்னும் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே இதை வைத்துத்தான். புக்கிட் தீமா விரைவுச்சாலை ஒரே காட்டை இரண்டாகப் பிளந்தது 1986இல். மேலே 62 மீட்டர் நீளத்துக்கு விலங்குகளுக்கான பாலம் வந்தது 2013இல். அதில் அழுங்கு கடந்து போவதைக் காட்டியதும் இதே மாதிரிப் பெட்டிகள்தான். கேமரா நல்லது. வைக்க உரிமை உள்ளவர்கள் வைக்கட்டும். இடத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

இனி என் அப்பா கதை. கேட்டுச் சலித்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கம்பத்து (கிராமத்து) வீட்டில் கோழி காணாமல் போனால், ராத்திரி கூண்டைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவி வைப்பாராம். அந்தக் காலத்து டிரெயில் கேமரா! காலையில் குனிந்து பார்த்து, இது உடும்பு, வால் இழுத்த கோடு இருக்கிறது, இது மரநாய் என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் தெரியாத தடம் ஒன்று. அகலமான வால் தடம், பக்கத்தில் நகம் பதிந்த குழி. கறையான் புற்றுக்குப் போகிற அழுங்கு. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். நல்ல மனிதர், தினமும் அப்பாவோடு சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். மூன்றாம் நாள் அவர் வீட்டுத் திண்ணையில் செதில் காய்ந்துகொண்டிருந்ததாம். மூலத்துக்கு மோதிரம் செய்து போட்டால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். கறியில் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா வாங்கிக்கொண்டார், அப்பா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் அப்பா சாம்பல் தூவினார். காலையில் யாரும் எழுந்திருக்கும் முன்னால் கூட்டிவிடுவார்.

"சிங்கப்பூரில் இப்போது யார் வேட்டையாடுகிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். காட்டோரங்களில் கம்பிக் கண்ணியும் வலையும் கண்டெடுக்கப்பட்ட செய்தியெல்லாம் உங்கள் கண்ணில் படாது போலிருக்கிறது. 2019 ஏப்ரலில் இதே ஊரில் இரண்டு கொள்கலன்களில் 25 டன்னுக்கு மேல் அழுங்குச் செதில் பிடிபட்டதே? அது ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாமுக்குப் போக இருந்த சரக்கு, இங்கே பிடித்த அழுங்குகள் இல்லை. தெரியும், அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அழுங்குக்கு என்ன விலை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுகிற ஜீவன். பயந்தால் ஓடக்கூடத் தெரியாது, சுருண்டு பந்தாகிவிடும். புலியிடம் அந்த வித்தை பலிக்கும். கையில் சாக்குப் பையோடு வருகிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

வேட்டைக்குச் சட்டமே இடம் கொடுக்கிற அமெரிக்காவைப் பாருங்கள். அரிசோனா மாநிலத்தில் 2022 ஜனவரி முதல், வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைக்கவே கூடாது. வறண்ட ஊர், தண்ணீர் இருக்கிற இடம் கொஞ்சம். அங்கே கேமரா வைத்துவிட்டால் எந்த மிருகம் எத்தனை மணிக்கு வரும் என்பது வீட்டிலிருந்தே தெரிந்துபோகும். அதற்குப் பேர் வேட்டையா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. துப்பாக்கி வைத்திருக்கிற ஊரில் அந்த யோசனை வந்திருக்கிறது. நாம் ஃபோனைத்தானே வைத்திருக்கிறோம், நமக்கெதற்கு யோசனை!

"பகிராவிட்டால் மக்களுக்கு எப்படி ஆர்வம் வரும்?" நியாயமான கேள்விதான். வீடியோவைப் பகிருங்கள், இடத்தை விடுங்கள். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

"உனக்கு மட்டும் தெரியலாம், எங்களுக்குத் தெரியக்கூடாதா? பெரிய வீட்டுக்காரியா நீ?" என்று இன்பாக்ஸில் எழுதிய தம்பிக்கு: நான் மூவறை வீட்டில், நீங்கள் சொல்கிற அந்தக் காட்டுக்கு எதிர் வரிசையில், பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒருமையில் பேசுகிற அளவுக்கு நாம் பழகியதில்லை. பதினெட்டு வருடத்தில் அழுங்கை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அப்போது டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன், அது போகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கு ஏன் போதவில்லை என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

அப்புறம் அதே அண்ணன் போட்ட இரண்டாவது வீடியோ. மரநாய் தின்கிற பப்பாளி எந்த மரத்திலிருந்து விழுந்தது அண்ணே? அங்கே பப்பாளி மரமே கிடையாது. அதுவும் கத்தியால் நறுக்கிய துண்டாக விழுகிற மரம் எந்தக் காட்டிலும் கிடையாது. 2020இல் கடுமையாக்கிய வனவிலங்குச் சட்டப்படி உணவு வைத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். நான் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சிரித்த நாற்பத்தாறு பேரும் சேர்ந்து கட்டியிருப்பீர்கள்.

நேற்று ராத்திரி பத்தரைக்குப் போனேன். எண்ணிப் பார்த்தேன், பதினோரு டார்ச். வேலி ஓட்டை பெரிதாகியிருந்தது, வடிகால் ஓரப் புல் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. ஒருவர் ஃபோனில் அழுங்கு கத்துவது என்று ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டுக்கொண்டே நடந்தார். சிரிக்கத்தான் வந்தது, சிரிக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அவன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, அது எப்ப வரும்?" என்று கேட்டான்.

"அது வேற இடத்துக்குப் போயிடுச்சுப்பா, இனிமே இங்க வராது" என்றேன். பொய்தான். அவன் முகம் விழுந்துபோனது. அவன் அப்பா என்னை முறைத்தார்.

இதை எழுதி முடிக்கும்போது போய்ப் பார்த்தேன். அண்ணன் பதிவை எடுக்கவில்லை. என்னைத்தான் அந்தக் குழுவிலிருந்து எடுத்திருக்கிறார்.