சம்பள ஒப்பீட்டில் விட்டுப்போகும் இரண்டாவது செலவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் லண்டன், துபாய் சம்பளங்களை ராண்டில் மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. மாற்று விகிதத்தால் பெருக்கினால் எந்த வேலையும் பெரிய வேலையாகத்தான் தெரியும். வரி கட்டிய பிறகும் அதே தேவைக்காக மறுபடி எவ்வளவு கட்டுகிறோம் என்பதைச் சேர்க்காத எந்தக் கணக்கும் என் பார்வையில் அரைகுறைதான்.

இங்கே ஆண்டுக்கு 6,00,000 ராண்ட் வாங்கும் ஒரு புரோகிராமரை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரியாண்டின் அட்டவணைப்படி, வரியிலிருந்து கழியும் 17,235 ராண்ட் அடிப்படைத் தள்ளுபடி போக, அவருக்கு 1,35,632 ராண்ட் வருமான வரி வருகிறது. மாதம் 50,000 என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், வேலையின்மைக் காப்பீட்டுக்கான 177 ராண்டையும் கழித்தால், கைக்கு வருவது சுமார் 38,500 ராண்ட். அதே காலத்தில் இங்கிலாந்தில் 60,000 பவுண்டு வாங்குபவருக்கு வருமான வரி 11,432 பவுண்டு, தேசியக் காப்பீடு சுமார் 3,211 பவுண்டு. ஓய்வூதியப் பிடித்தத்தை இரு பக்கமும் விட்டுவிட்டால், இங்கே போவது ஏறக்குறைய 23 சதவீதம், அங்கே 24 சதவீதத்துக்குச் சற்று மேல். வரிக்குப் பயந்து லண்டன் வேண்டாம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் வசதியுள்ளவர்கள் மெடிக்கல் எய்டு என்ற தனியார் மருத்துவத் திட்டத்துக்குக் கட்டாமல் இருப்பதில்லை, ஒரு குடும்பத்துக்கு அதுவே மாதம் பல ஆயிரம் ராண்ட் ஆகிறது. காவல் துறை இருக்கிறது. ஆனாலும் வாசலில் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் பலகையை மாட்டி அதற்கும் மாதச் சந்தா கட்டுகிறோம். நல்ல பெயருள்ள அரசுப் பள்ளிகளிலும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும், குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக வீட்டின் பக்கவாட்டில் நிற்கும் ஜோஜோ தொட்டியும் எந்த ஊதியச் சீட்டிலும் வருவதில்லை, ஆனால் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு காணலாம். இவற்றை வரி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாம் கட்டும் விகிதம் எங்கேயோ போய் நிற்கும்.

இதை வைத்து லண்டனே சொர்க்கம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வேலை விசாவில் போகிறவர், சம்பளத்தில் தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கும்போதே, அரசு மருத்துவச் சேவைக்கென்று பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணத்தை விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்டியாக வேண்டும்; மனைவி, பிள்ளைகளுக்குத் தனித்தனியாக. நகரின் மையப் பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை, கைக்கு வரும் சம்பளத்தில் பாதியை எளிதாக எட்டிவிடும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்று பெருமை பேசுகிறோமே, அதில் ஒரு பகுதி வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கூலி. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்ட். அவர் வேலைக்கு வந்து போகும் டாக்ஸி என்கிற மினிபஸ் கட்டணமும் அதிலிருந்துதான். லண்டனில் நாமே துடைத்துப் பெருக்க வேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

துபாயைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை உலவுகிறது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்க வரிச் சட்டப்படி இங்கேயே வரிவாசியாக, அதாவது வரிக் கணக்கில் இந்நாட்டுக் குடியிருப்பாளராக, நீடிப்பவருக்கு, 2020 மார்ச் 1 முதல், வெளிநாட்டுச் சம்பளத்தில் ஆண்டுக்கு 12.5 லட்சம் ராண்ட் வரைதான் விலக்கு. அந்த விலக்குக்கும், ஏதேனும் 12 மாதத்தில் 183 நாட்களுக்கு மேல் வெளியே வேலை செய்திருக்க வேண்டும். அதில் 60 நாட்களுக்கு மேல் இடைவிடாமல் வெளியே இருந்திருக்க வேண்டும். மூத்த பொறியாளர்களின் துபாய்ச் சம்பளம் இந்த வரம்பைத் தாண்டுவது அபூர்வமல்ல, தாண்டிய தொகைக்கு இங்கே வரி உண்டு. வரிவாசி நிலையை முறையாக முடித்துக்கொள்ளலாம் என்றால், அன்றைய தேதியில் சொத்துகளை விற்றதாகவே கருதி, பங்குகள் போன்றவற்றின் மதிப்பு உயர்வுக்கு மூலதன ஆதாய வரி கேட்பார்கள். இங்குள்ள வீடு, நிலம் மட்டும் அதில் சேராது.