கின்னிக் மைதானத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போங்கள், பாதியில் எழுந்து வந்துவிடுங்கள்

சின்னக் குழந்தையைக் காலேஜ் ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால்) மேட்ச்சுக்குக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று இங்கே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் ஆகஸ்ட் கடைசி வந்தாலே பேச்சு கிளம்பிவிடும். சத்தம், கூட்டம், குளிர், வேண்டவே வேண்டாம் என்பது ஒரு கட்சி. அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டுப் பிள்ளை நடுவில் அழுதால் என்ன செய்வது என்பது இன்னொரு கட்சி. நான் கூட்டிப் போக வேண்டும் என்கிற கட்சி. மூன்று, நான்கு வயதிலேயே கூட்டிப் போகலாம் என்பேன். ஆனால் ஒன்று. அன்றைக்கு அந்த ஆட்டம் பிள்ளைக்காக. "போலாம்மா" என்று அது சொன்னதும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். அதற்கு மனசு வராதென்றால் பிள்ளையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ப் பாருங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அயோவா சிட்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 75 ஆயிரம். இங்குள்ள பல்கலைக்கழகத்தின் கின்னிக் மைதானத்தில் ஏறக்குறைய 69 ஆயிரம் பேர் உட்காரலாம். இந்த மாநிலத்துக்கென்று என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்கில் அணி கிடையாது. அதனால் இருபது வயதுப் பையன்கள் ஆடும் கல்லூரி அணிதான் இங்கே எல்லாம். சோளக்காட்டு விவசாயியில் இருந்து ஆஸ்பத்திரி டாக்டர் வரை சனிக்கிழமை காலையிலேயே கறுப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரில் வளர்கிற நம் பிள்ளைக்கு இது தன் ஊர்த் திருவிழாதானே? அன்றைக்கு மட்டும் நாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தால், திங்கட்கிழமை பள்ளியில் மற்ற பிள்ளைகள் பேசுவதை அது தள்ளி நின்றுதான் கேட்கும்.

ஆட்டம் காகிதத்தில் ஒரு மணி நேரம், பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடும், நடுநடுவே டிவி விளம்பரத்துக்கு நிறுத்தங்கள், இருபது நிமிட இடைவேளை. எப்படியும் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஐந்தாறு விநாடி ஓடுவார்கள், மோதுவார்கள், விழுவார்கள். பிறகு அரை நிமிடம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களுக்கே பழக நாளாகும் இந்த ஆட்டத்தின் விதிகளை நான்கு வயசுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள். தேர் பார்க்கப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறோமே, ஆகமம் சொல்லிக்கொடுத்துவிட்டா போகிறோம்? "கறுப்புச் சட்டை நம்ம அண்ணன்கள், வெள்ளைச் சட்டை வெளியூர் அண்ணன்கள்" என்று சொன்னால் போதும்.

பிள்ளை பார்ப்பது வேறு ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் அயோவா அணி சுரங்கப் பாதையில் இருந்து வெளியே வரும்போது ஓடி வராது. வரிசை வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக நடந்து வரும். ஹேடன் ஃப்ரை பயிற்சியாளராக இருந்த காலத்து வழக்கம் இது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ பெரிய அண்ணாங்க எதுக்கும்மா கை புடிச்சிட்டு வர்றாங்க? தொலைஞ்சு போயிடுவாங்களா?" என்று கேட்டாள். பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு அதை இங்கிலீஷில் சொன்னேன். ஐம்பது வருஷமாக வருகிறாராம், யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சந்தோஷப்பட்டார். பிறகு பாண்டு வாத்தியம். டியூபா என்கிற அந்தப் பெரிய பித்தளைக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை கலையாமல் நடக்கிறார்களே, அதை என் மகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் டச்டவுன் போட்டபோதுகூட அவள் கண் பாண்டு பக்கம்தான். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் பாண்டு தெரியும் பக்கமாக, படிக்கட்டு ஓரமாக எடுங்கள்.

இதே ஹேடன் ஃப்ரைதான் எதிரணியின் உடை மாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு வர்ணம் அடிக்க வைத்தவர். எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. என் மகளுக்கு நான் சொல்வதில்லை. அவளுக்குப் பிடித்த நிறத்தை எதிராளியைத் தளர வைக்கும் நிறம் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இனி நான் இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பதற்காகப் பெருமைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017இல் திறந்த உயரமான கட்டடம். மேல் மாடியில் இருந்து பார்த்தால் மைதானம் கீழே முழுசாகத் தெரியும். சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் பெற்றோரும் அங்கே கூடி ஆட்டம் பார்ப்பார்கள். அந்த வருஷம் ஒரு ரசிகை முகநூலில் ஒரு யோசனை போட்டார்: முதல் பகுதி முடிந்ததும் எல்லோரும் திரும்பி அந்தக் குழந்தைகளைப் பார்த்துக் கையசைத்தால் என்ன? அந்த சீசனிலேயே தொடங்கிவிட்டார்கள். இன்றுவரை முதல் பகுதி முடிந்த அடுத்த நிமிடம் மைதானமே எழுந்து அந்தப் பக்கம் திரும்புகிறது. அயோவா ஆட்டக்காரர்கள், எதிரணி, நடுவர்கள், எல்லோரும். இரவு ஆட்டமென்றால் கைபேசி விளக்குகள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பதிலுக்குக் கைகள் அசையும்.

என் அம்மா மயிலாடுதுறையில் இருந்து வந்திருந்த சமயம் அவரையும் அழைத்துப் போயிருந்தோம். "பச்சப் புள்ளைய இந்தக் கூட்டத்துக்குள்ள எதுக்குடி இழுத்துட்டுப் போற" என்று முந்தின நாள் முழுக்க என்னைத் திட்டியவர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கணவரின் கறுப்பு ஜாக்கெட். கையசைக்கும் நேரம் வந்ததும் பேத்தியைத் தூக்கி பெஞ்சில் நிறுத்தி, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். அடுத்த பகுதி தொடங்கி எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. "நாம ஆட்டுறது அதுங்களுக்குத் தெரியுமாடி?" என்றார். தெரியும்மா என்றேன்.

இங்கே நம் பெற்றோர்களிடம் ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்கும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று. "அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் பாத்துக்குறாங்க, கீழ வர முடியாது. அதான் நாம ஹாய் சொல்றோம்." இவ்வளவு போதும். படிக்கட்டில் ஒரு தமிழ்க் குரல், "சாப்பிடாம அடம் புடிச்சா உன்னையும் அங்கதான் சேர்ப்பாங்க" என்று பிள்ளையிடம் சொன்னதைக் கேட்டேன். மனசு ஆறவில்லை. நோய் தண்டனை இல்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் குழந்தை எந்தச் சோற்றையும் வேண்டாம் என்று சொல்லி அங்கே போகவில்லை. "பாவம்" என்று உச்சுக் கொட்டவும் கற்றுக்கொடுக்காதீர்கள். 2009இல் இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தையைக் 'கிட் கேப்டன்' என்று மைதானத்துக்கு அழைத்து வந்து கௌரவிக்கிறார்கள். கேப்டன்! அந்த மரியாதையைத்தான் நம் பிள்ளையும் படிக்க வேண்டும். "அவங்க எப்பம்மா வீட்டுக்குப் போவாங்க?" என்று என் மகள் கேட்டபோது, "சில பேர் சீக்கிரம் போவாங்க, சில பேருக்கு ரொம்ப நாள் ஆகும்" என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

இந்தக் கையசைப்பு முதல் பகுதி முடிவிலேயே வந்துவிடுவது சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வசதி. அணி கைகோத்து வருவதைப் பார்த்தாயிற்று, பாண்டு கேட்டாயிற்று, கையசைத்தாயிற்று. இதற்கு மேல் பிள்ளை உட்கார்ந்தால் இடைவேளைப் பாண்டு வரை இருங்கள். உட்காராவிட்டால் கிளம்புங்கள். "டிக்கெட் காசு வீணா?" என்று என்னிடம் கேட்காதீர்கள். காசு போனதை நினைத்துத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் குளிரில் இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்து வைத்தால், அதற்கு மைதானம் என்றாலே அழுகைதான் நினைவில் நிற்கும். கடைசிப் பகுதியை விட மனசு வராத ஆள் வீட்டில் இருந்தால் ஒருவர் இருக்கட்டும், ஒருவர் பிள்ளையோடு கிளம்பட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

காது விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், மூன்று டெசிபல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும் என்பது இங்குள்ள பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான், அதுவும் வளர்ந்தவர்களுக்கு. எதிரணி தேர்ட் டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில் நிற்கும்போது நிரம்பிய மைதானம் போடும் கூச்சல் 100ஐச் சுலபமாகத் தாண்டும். ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடும் இயர்மஃப் வாங்குங்கள், பெட்டியில் 22க்குக் குறையாத என்.ஆர்.ஆர். எண் (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்கிற அளவு) இருக்கிறதா பாருங்கள். பஞ்சு மாதிரி காதுக்குள் செருகுவதைச் சின்னப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். வீட்டில் இரண்டு நாள் மாட்டிப் பழக்கினால் அங்கே கழற்றி எறியாது. என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை 2010இல் ஜெயித்ததும் ஆட்டக்காரர் ட்ரூ ப்ரீஸ் தன் ஒரு வயது மகனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் காதில் பெரிய இயர்மஃப். ஊரே கொண்டாடிய அந்த ராத்திரியில் அப்பனுக்குப் பிள்ளையின் காது மறக்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. பல மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி, டயப்பர் பைக்கும் அதே விதியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வயது வரை டிக்கெட் வேண்டாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் போன் நம்பரைப் பிள்ளையின் முன்கையில் மார்க்கரால் எழுதுங்கள். செப்டம்பரில் காலை 11 மணிக்குத் தொடங்கும், பெரிய பகை இல்லாத ஆட்டமாகப் பாருங்கள். அலுமினிய பெஞ்ச் வெயிலில் கொதிக்கும், நவம்பரில் உறையும், எப்படியும் ஒரு போர்வை வேண்டும். இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான, பரம எதிரியான அயோவா ஸ்டேட்டோடு ஆடும் நாளில் சின்னப் பிள்ளையோடு போகாதீர்கள். 2021இல் இருந்து கின்னிக் உள்ளேயே பீர் விற்கிறார்கள், பெரிய ஆட்டங்களில் கடைசிப் பகுதிக்குள் சிலருக்கு வாய் கட்டுக்கு நிற்பதில்லை. பாதியில் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இவ்வளவு முரட்டு ஆட்டத்தைப் பிள்ளைக்குக் காட்டலாமா?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. தலையில் திரும்பத் திரும்ப அடி படுவதால் மூளைக்கு வரும் கேடு இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் பிள்ளையைச் சின்ன வயதில் மோதி விழுத்தும் ஃபுட்பாலில் நான் சேர்க்க மாட்டேன். இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆசைப்பட்டால் அதில் ஓடட்டும். மைதானத்தில் ஒருவர் அடிபட்டு எழாமல் கிடந்தால் பிள்ளையின் கண்ணைப் பொத்த மாட்டேன். "அண்ணாவுக்கு வலிக்குது, டாக்டர் வந்துட்டாங்க" என்று சொல்வேன். அந்த நேரம் இரண்டு அணியும் மண்டியிட்டு நிற்பதையும் அது பார்க்கட்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. அயோவாவும் மின்னசோட்டாவும் ஆடினால் ஜெயிப்பவருக்குக் கிடைப்பது ஒரு வெண்கலப் பன்றி. எடை 98 பவுண்டு, பெயர் ஃபிளாய்ட் ஆஃப் ரோஸ்டேல். 1935இல் இரு மாநில ஆளுநர்களும் பந்தயம் கட்ட, தோற்ற அயோவா ஆளுநர் உயிருள்ள பன்றியையே கொண்டுபோய்க் கொடுத்தார். என் மகள் இப்போது அதுவரைக்கும்தான் கேட்டிருக்கிறாள். முந்தின வருஷ ஆட்டத்தில் அயோவாவின் கறுப்பின வீரர் ஆஸி சிம்மன்ஸை மின்னசோட்டாக்காரர்கள் அடித்து நொறுக்கியதும், அந்தக் கோபம் வெடித்துவிடாமல் தணிக்கத்தான் பந்தயம் வந்தது என்பதும் அவளுக்கு எட்டு, ஒன்பது வயது ஆகும்போது என் வாயாலேயே சொல்வேன். பன்றிக் கதையை மட்டும் சொல்லி மீதியை விழுங்குவது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இவ்வளவு பெரிய கூட்டம் பயமாக இருக்கிறது என்பவர்கள் முதலில் சின்னக் கல்லூரி ஆட்டத்துக்குப் போங்கள். சீடர் ராபிட்ஸில் கோ காலேஜ், மவுண்ட் வெர்னனில் கார்னெல் காலேஜ். மூன்றாம் டிவிஷன் அணிகள், விளையாட்டு உதவித்தொகை எதுவும் இல்லாமல் ஆசைக்காக ஆடும் பிள்ளைகள். கூட்டம் குறைவு, களம் பக்கத்திலேயே தெரியும், சலித்தால் பிள்ளை ஓடி விளையாட இடம் இருக்கும். கின்னிக் மைதானத்தையே பழக்கிவைக்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் 'கிட்ஸ் டே' வரும். அனுமதி இலவசம், அணியின் பயிற்சியைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் மகளுக்குச் சின்னதாகிப்போன இயர்மஃப் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அயோவா சிட்டி, கோரல்வில் பக்கம் இரண்டு மூன்று வயசுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் எப்படியும் இடைவேளையோடு கிளம்பிவிடுவோம், சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வரலாம்.