வெங்காயத்தாமரைக்கு எல்லைக்கல் தெரியுமா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் போன மாதம் நகராட்சியின் பொக்லைன் இறங்கியது. பாலத்துக்குக் கிழக்கே சுத்தமாக வழித்து எடுத்தார்கள். மேற்கே கை வைக்கவில்லை. கேட்டால், அது ஊராட்சி எல்லையாம், அவர்கள் கணக்கில் வராதாம். சரி என்று வந்துவிட்டேன். நாலே நாளில் மேற்கிலிருந்து வெங்காயத்தாமரை மிதந்து வந்து பாலத்தடியில் அடைத்துக்கொண்டது.

ஊராட்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர்ச் சாக்கடை முழுக்க இதே வாய்க்காலில் கலந்து கிழக்கே இருக்கிற கிராமத்துக்குத்தானே போகிறது, அங்கே அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் நாற்று நடுகிறார்கள். டெல்டாவில் பல இடங்களில் மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பதுதான் கீழ் ஊருக்குப் பாசன வாய்க்கால். தரையும் தட்டை, ஓரிடத்தில் அடைத்தால் மேலே இருக்கிற தெருவெல்லாம் தண்ணீர் ஏறும்.

திருச்சி உய்யக்கொண்டானையே பாருங்கள். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, வயல், நகரம், மறுபடி வயல் என்று ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகிறது. வெட்டிய காலத்தில் வார்டு ஏது? இன்று பொதுவாக வாய்க்கால் நீர்வளத்துறைக்கு, சாக்கடையும் குப்பையும் உள்ளாட்சிக்கு, மேலே போகிற பாலம் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்கு. தண்ணீர் மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

இதற்குப் புதிதாக ஆணையம் எதுவும் வேண்டாம். 1992இல் வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, அதிலும் தண்ணீரைப் பகிர்வதையும் சுற்றுச்சூழலையும் பெயர் சொல்லியே, அது கவனிக்க வேண்டும். ஐந்தில் நாலு பங்கு உறுப்பினர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்குள்ளிருந்தே தேர்வாகிறவர்கள். எங்கள் கவுன்சிலரிடம் இதைச் சொன்னேன், "அப்படி ஒரு குழு இருக்காண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். (நல்ல மனிதர்தான், தெருவிளக்கு எரியவில்லை என்றால் உடனே வருவார்.)

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த ஒரு வாய்க்காலுக்கு மட்டும், மேல் ஊராட்சி, நகராட்சி, கீழ் ஊராட்சி மூன்றும் நீர்வளத்துறைப் பொறியாளரோடு உட்கார்ந்து, எந்தக் குழாய் எங்கே கலக்கிறது என்று கரையோரமாக ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பொக்லைன் தலைப்பு மதகில் இறங்கி, எல்லைக்கல்லைப் பார்க்காமல் கடைமடை வரை போகட்டும். டீசல் காசை மூன்று பேரும் அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.