ஞாயிற்றுக்கிழமைக் கறியும் புதன்கிழமைப் பாஸ்தாவும்

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். கோழியும் காயும் போட்ட வெள்ளைப் பாஸ்தா, தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு. பத்து நிமிடத்தில் கும்பகோணத்துச் சித்தியிடமிருந்து பதில்: "ஏன்டி, புள்ளைங்களுக்கு ஒரு வாய் ரசஞ்சாதம் போடக்கூடவா நேரமில்லை?" பின்னாலேயே பெரியப்பா ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை. குழுவில் வாயைத் திறந்தால் வம்பு வளரும். அதனால் இங்கே எழுதுகிறேன். சித்திக்கு முகநூல் கிடையாது.

என் கட்சி இதுதான். வாரநாளில் அரக்கப்பரக்கக் கறி வைக்கிறோமே, கறிக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

இந்த ஊரில் கறி என்றால் வெறும் இறைச்சி இல்லை. கோழி, ஆடு, முட்டை, பீன்ஸ், டப்பா மீன், எதைக் குழம்பாக வைத்தாலும் கறிதான். வெங்காயம் நிதானமாகச் சிவக்கணும். மசாலாத்தூள் எண்ணெயில் பச்சை வாடை போக வதங்கணும். எலும்போடு கோழி வேகணும். கடைசியில் உருளைக்கிழங்கு குழம்பைக் குடித்து, உடையட்டுமா வேண்டாமா என்று கேட்கிற பதத்துக்கு வரணும். அந்தக் கிழங்குக்கு இங்கே 'கிரேவி சோக்கர்' என்றே பேர். என் மாமியார் ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு நாய் எங்கள் கேட்டில் வந்து உட்கார்ந்திருக்கும்.

நான் வேலை முடிந்து வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது ஐந்தே முக்கால். எட்டரைக்குச் சின்னவன் தூங்கணும். நடுவில் வீட்டுப்பாடம், குளியல், மறுநாள் சீருடை, காணாமல் போன ஒரு காலுறை. இந்த இடைவெளியில் நானும் மூன்று நான்கு வருடம் கறி வைத்துப் பார்த்தவள்தான். வெங்காயம் பாதி வெந்திருக்கும், மசாலா தொண்டையைப் பிடிக்கும், கிழங்கின் நடுவில் கல் இருக்கும். ஒருநாள் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கே புதன், வியாழன் இரண்டு நாளும் கறியை விட்டேன்.

"அது நம்ம சாப்பாடு இல்லையே" என்பவர்களுக்கு ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 342 பேர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக. அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு கப்பலில் ஏறியவர்களின் ஐந்தாம் தலைமுறை என் கணவர். அரிசி கைக்கு எட்டாதபோது இவர்கள் மக்காச்சோளத்தை உடைத்துச் சோறாக்கினார்கள். அந்த மீலி ரைஸ் இன்றும் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. ரொட்டியின் நடுவைக் குடைந்து கறியை ஊற்றி பன்னி சௌ என்றார்கள். தக்காளிச் சாற்றில் கிடக்கும் டப்பா மீனை எடுத்து, பச்சைமிளகாய் கீறிப்போட்டு, ஒரு கறி வைத்தார்கள். அதைச் சாப்பிட்டால் சித்தியே இரண்டாம் முறை சோறு கேட்பார். டப்பா மீனை எந்தப் பாட்டி தஞ்சாவூரிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்? கோதுமைக் குழாயைக் கண்டால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

சரி, இனி பாஸ்தாவை நன்றாகச் செய்வதைப் பேசுவோம். மோசமாகச் செய்த பாஸ்தாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

முதல் சண்டை கிரீமோடு. இணையத்தில் எந்தக் குறிப்பைத் திறந்தாலும் ஒரு டப்பா கிரீம் ஊற்று, போதாவிட்டால் இன்னொன்று என்கிறார்கள். நானும் ஊற்றினேன். பிள்ளைகள் நாலு வாயில் திகட்டித் தட்டைத் தள்ளினார்கள். இன்னொரு நாள் கிரீம் கொதிக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்தேன். திரிதிரியாகிப் பழைய மோர்க்குழம்பு மாதிரி நின்றது. இப்போது கிரீமே வாங்குவதில்லை. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி மைதா, இரண்டரைக் கப் பால். இந்த ஊரில் 15 சதவீத வாட் வரி. பாலுக்கும் காய்கறிக்கும் அந்த வரி கிடையாது, கிரீமுக்கு உண்டு. பாஸ்தாவுக்கும் கோழிக்கும் எப்படியும் கட்டித்தான் ஆகணும், இதிலாவது மிச்சம்.

கோழிக்கு வருவோம். இரண்டு கிலோ உறைந்த கோழிப் பாக்கெட்டில்தான் இங்கே பாதி வீடுகள் ஓடுகின்றன. அதில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். 2016இல் துண்டுக் கோழிக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு என்று சட்டம் போட்டார்கள். அந்த 15 சதவீதம் எங்கே போகும்? உங்கள் சட்டிக்குள்தான். உறைநிலை விட்டதும் விடாததுமாகச் சட்டியில் போட்டால் கோழி வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப் போகும். நான் முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டு வைத்து இறக்கிவிடுவேன். மறுநாள் சமையலறைத் தாளால் நன்றாக ஒற்றி எடுக்கணும். எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ, இரண்டு விரல் அகலத் துண்டுகள். நெஞ்சுக்கறியும் போடலாம், ஆனால் இரண்டு நிமிடம் அதிகமானால் சக்கைதான். பிள்ளை 'அம்மா, எட்டின் மடங்கு' என்று கூப்பிடும் வீட்டில் இரண்டு நிமிடம் அதிகமாகத்தான் செய்யும்.

சட்டி காய்ந்ததும் எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கையை எடுத்துவிடுங்கள். கிண்டக் கூடாது. நமக்குக் கிண்டாமல் இருக்க வராது, அடிப்பிடித்துவிடும் என்ற பயம். பிடிக்கட்டும்! சட்டியின் அடியில் பழுப்பாகப் பிடிக்கிறதே, அதுதான் சங்கதியே. சின்ன வயதில் அம்மா கறி வறுத்த சட்டியில் ஒரு கை சோற்றைப் போட்டு, கரண்டியால் சுரண்டிப் பிரட்டி, ஆளுக்கொரு உருண்டை தருவார். கறியைவிட அந்த உருண்டைக்குத்தான் எனக்கும் தம்பிக்கும் அடிதடி. பாஸ்தாவின் ருசியும் அதே சட்டியடியில்தான் இருக்கிறது. கோழியை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெண்ணெய், வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கீறிய பச்சைமிளகாய். பிறகு மைதா, ஒரு நிமிட வதக்கல். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கக் கலக்க அடிப்பழுப்பு முழுதும் கரைந்து மேலே வரும். வெள்ளைச் சாறு தேங்காய்ப்பால் சொதி நிறத்துக்கு வந்தால் சரியாகப் போகிறீர்கள்.

பக்கத்து அடுப்பில் மூன்று லிட்டர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, 400 கிராம் பென்னே என்கிற குழாய்ப் பாஸ்தா. எங்கள் ஐந்து பேருக்கு இது போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே இறக்குங்கள், மீதி வேக்காடு சாற்றில் நடக்கும். எடுத்து வைத்த கோழியும் அப்போது சாற்றில் சேர்ந்து நன்றாக வேகட்டும். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கவே வேண்டாம். அந்த மாவுத்தண்ணீர்தான் சாற்றையும் பாஸ்தாவையும் ஒட்டவைக்கும்.

காயைப் பொடியாக அரைத்து ஒளித்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பிள்ளைக்குத் தான் சாப்பிடுவது கேரட் என்று தெரியணும். ஆனால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். பட்டர்நட் பூசணியை ஒரு கப் வேகவைத்து மசித்துச் சாற்றில் கரைத்துவிடுவேன். மைதாவைக் குறைத்தாலும் சாறு கெட்டியாக நிற்கும், லேசாக இனிக்கும். பட்டாணியும் கேரட்டும் பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே கடைசி நாலு நிமிடம். காளானைத் தனியே வதக்குங்கள், தண்ணீர் விடும். கடைசியில் ஒரு கட்டு கீரை. இங்கே ஸ்பினச் என்று விற்பது பெரும்பாலும் தடித்த வெள்ளைத் தண்டுள்ள சுவிஸ் சார்ட். தண்டை நறுக்கி வெங்காயத்தோடு முதலிலேயே போட்டுவிடணும், இல்லாவிட்டால் நார் நாராக மெல்ல வேண்டியிருக்கும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் துருவிய செடார் சீஸ், 100 கிராம். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கயிறாகத் திரளும். எலுமிச்சம்பழமும் அப்போதுதான், அதுவும் அரை மூடி. மிளகு தாராளமாக. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், கோழியிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. மசாலாத்தூளைத் தயவுசெய்து தூவ வேண்டாம். பச்சை மசாலா பாலில் மிதந்தால் அது பாஸ்தாவும் ஆகாது கறியும் ஆகாது.

எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். இரண்டே அடுப்பு. இந்த இரண்டு அடுப்புக் கணக்கு 2023இல் படித்த பாடம். ஒரே நாளில் மூன்று தடவை மின்சாரம் போன வருடம் அது. மின் அடுப்பை நம்ப முடியாமல் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கினோம், நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு சமைத்தேன். இருட்டில் சாற்றின் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுப்பேன், கோடு மூடாமல் நின்றால் பதம். இப்போது மின்சாரம் பரவாயில்லை, கோடு இழுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. புரட்டாசி முழுக்கவும் கிடையாது. அதில் டர்பன் தமிழர்கள் நம்ம ஊர்க்காரர்களைவிடக் கறார். அந்த மாதம் கோழிக்குப் பதில் காளானும் வேகவைத்த கொண்டைக்கடலையும். காளானை அதே மாதிரி கிண்டாமல் சிவக்கவிட்டால் அடிப்பழுப்பும் கிடைத்துவிடும்.

மிஞ்சினால் மறுநாள் பள்ளி டப்பாவுக்கு. ராத்திரி முழுக்க பாஸ்தா சாற்றைக் குடித்துக் கட்டியாகியிருக்கும், கால் கப் பால் ஊற்றிச் சிறுதீயில் இளக்கினால் போதும்.

மாமியார் மட்டும் இதைத் தொடுவதில்லை. "என்னா மா, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்பார். முந்தின நாள் பருப்பும் சோறும் அவருக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். சின்னவன் தன் தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டை முள்கரண்டியில் குத்தி "ஆயா, இந்தா" என்று நீட்டுவான். அவர் கோழியை மட்டும் உருவிக்கொண்டு, ஒட்டியிருக்கும் வெள்ளைச் சாற்றைப் பருப்புச் சோற்றின் ஓரத்தில் துடைத்துவிட்டு, ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடுவார்.