காவிரியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சேலம் பகுதியில் படகில் போவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, சேலத்துக்காரர்களுக்குப் படகு என்றால் ஏற்காடு ஏரிதான் என்று முடித்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மிதிபடகுக்கு வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோடை விழா சமயத்தில் சொல்லவே வேண்டாம்.

காவிரிக் கரையில் உள்ள பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரையில் உள்ள நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே மதகுகளோடு கட்டிய கதவணையில் தண்ணீர் தேங்குவதால் காவிரி அங்கே ஏரிபோல விரிந்து கிடக்கும். மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சேலம் மாவட்டத்திலிருந்து ஈரோடு மாவட்டத்துக்குப் போய்விடலாம். ஊர்க்காரர்கள் அன்றாடம் போய்வருகிற படகு அது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

பரிசலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய குறை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், பண்ணவாடிப் பக்கம் போனால் பார்க்கலாம். பரிசல் வட்டமானது, முன்னும் பின்னும் கிடையாது. பழக்கமில்லாதவர் ஓரத்தில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பரிசல்காரரோ போகிற திசையைப் பார்த்துக் குந்திக்கொண்டு, முன்னால் இருக்கும் தண்ணீரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தன் பக்கம் இழுப்பார். பரிசல் லேசாக ஆடியபடியே நேராகப் போகும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில், 1934-இல் கட்டி முடித்த அந்த அணைக்குள் மூழ்கிப்போன நந்தி சிலையும் பழைய தேவாலயமும் அங்கே வெளியே தெரியும்.

போகிறவர்கள், லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். காற்று எழும்போது பரிசல்காரர் வேண்டாம் என்றால் பேரம் பேசாதீர்கள்.